ஓநாய் வாய்க்குள் போய் வா

டீ ஆறுவதற்குள் தொடங்கிவிடலாம். இன்று நாம் இத்தாலிய மொழியில் சில சொற்களைப் பழகிப் பார்க்கப் போகிறோம். பெரிய இலக்கணம் எதுவும் வேண்டாம். ஒருவர் கஷ்டமான ஒரு காரியத்துக்குக் கிளம்பும்போது, அல்லது நடுவழியில் தளர்ந்து நிற்கும்போது, இத்தாலியர்கள் அவரிடம் என்ன சொல்வார்கள் என்பதுதான் நம் கேள்வி. எப்போதும் வெயிலும் பாட்டுமாக இருக்கிற ஜனங்கள், அவர்களுடைய ஊக்கச் சொற்களும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் நம்மில் பலர் இதற்குள் நுழைகிறோம். கொஞ்ச தூரம் நடந்ததும் வேறு முகம் தெரிய ஆரம்பிக்கும்.

பொலோனியா நகரத்துப் பல்கலைக்கழகத் தாழ்வாரம் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்வோம். 1088-இல் தொடங்கியதாகத் தன்னைச் சொல்லிக்கொள்ளும் பல்கலைக்கழகம் அது. இத்தாலியில் தேர்வு என்றால் பெரும்பாலும் வாய்மொழித் தேர்வுதான். மேசைக்கு அந்தப் பக்கம் பேராசிரியர், இந்தப் பக்கம் மாணவர். கேட்க விரும்புகிற மற்ற மாணவர்கள் அதே அறையில் உட்கார்ந்து கேட்கலாம். மதிப்பெண் முப்பதுக்கு, 18 எடுத்தால் தேர்ச்சி. கிடைத்த மதிப்பெண் பிடிக்காவிட்டால், 'வேண்டாம் ஐயா, அடுத்த முறை வருகிறேன்' என்று மறுத்துவிட்டு எழுந்து போகவும் வழி உண்டு. அத்தனை பேர் முன்னால் வாய்திறக்கப் போகிற தோழி ஒருத்தி கதவருகே நிற்கிறாள். அவளிடம் நாம் என்ன சொல்வது?

சுற்றுலாப் பயணிகளுக்கான கையேட்டைப் புரட்டினால் 'புவோனா ஃபோர்தூனா' என்று இருக்கும். நல்ல அதிர்ஷ்டம் உண்டாகட்டும் என்று அர்த்தம். பிழையில்லாத இத்தாலியம்தான். ஆனாலும் அந்தத் தாழ்வாரத்தில் அதைவிட அதிகம் காதில் விழுவது 'இன் போக்கா அல் லூப்போ'. நேராகப் பொருள் சொன்னால், 'ஓநாயின் வாய்க்குள்'.

உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. இதில் நமக்கு ஒரு பிறவிச் சலுகை இருக்கிறது. கனி வேறு, கன்னி வேறு என்று ஒற்றை அழுத்தி வித்தியாசம் காட்டப் பிறந்ததிலிருந்து பழகியவர்கள் நாம். இத்தாலியமும் அப்படியே, 'நோனோ' என்றால் ஒன்பதாவது, 'நொன்னோ' என்றால் தாத்தா. ஆங்கிலம் மட்டுமே பேசி வளர்ந்தவர்கள் தடுமாறும் இடம் இது. 'போக்கா'வில் க-வை நன்றாக அழுத்துங்கள். 'லூப்போ'வில் மட்டும் அழுத்தம் வேண்டாம். ஒற்றை ப-வை இடையில் எழுதினால் நம் எழுத்தில் அது வேறு ஒலியாகிவிடும் என்பதற்காக ஒற்றுப் போட்டிருக்கிறேன்.

சரி, தேர்வுக்குப் போகிற பிள்ளையை யாராவது ஓநாய் வாய்க்குள் அனுப்புவார்களா? இங்கே நமக்குக் கைகொடுப்பது திருஷ்டிப் பொட்டு. குழந்தைக்கு அழகாகத் தலைவாரி, பூச்சூட்டி, கடைசியில் கன்னத்தில் கறுப்பாக ஒரு பொட்டை வைத்து அந்த அழகைக் கொஞ்சம் கெடுக்கிறோம். கெடுதலை நாமே ஒரு துளி வைத்துவிட்டால், வெளியிலிருந்து வரக் காத்திருக்கிற கெடுதல் ஏமாந்து திரும்பிவிடும் என்று ஒரு கணக்கு. 'இன் போக்கா அல் லூப்போ' வாயால் வைக்கிற பொட்டு. நல்லது நடக்கட்டும் என்று உரக்கச் சொன்னால் அது விதியின் காதில் விழுந்துவிடும். ஆகவே கெட்டதைச் சொல்லி மறைக்கிறார்கள். வேட்டைக்காரர்களின் பேச்சிலிருந்து வந்திருக்கலாம் என்பது அகராதிக்காரர்கள் பொதுவாகத் தருகிற விளக்கம். காட்டுக்குள் போகிறவனுக்கு அந்த வாய் உருவகம் இல்லை, நிஜமாகவே அங்கே இருந்தது.

இதோடு கதை முடியவில்லை. இது ஒருவர் மட்டும் சொல்லி முடிக்கிற வாழ்த்து இல்லை. பாதியை நீங்கள் சொன்னால் மீதியை அவர் சொல்ல வேண்டும். அந்த மீதி, 'க்ரேப்பி'. 'க்ரேப்பி இல் லூப்போ' என்பதன் சுருக்கம். 'அந்த ஓநாய் ஒழியட்டும்' என்று வைத்துக்கொள்ளலாம், சொல் அதைவிடக் கொஞ்சம் முரடு. நீங்கள் ஓநாயை ஏவிவிடுகிறீர்கள், அவர் அதைச் சாகடித்துவிட்டு உள்ளே போகிறார். எல்லாம் ஒரு மூச்சுக்குள் நடந்து முடிந்துவிடும். மரியாதை பார்க்கிற சிக்கலும் கிடையாது; 'க்ரேப்பி' ஓநாயைப் பற்றிய சொல் என்பதால் பேராசிரியரிடமும் மாறாமல் சொல்லலாம், பால்ய சிநேகிதனிடமும் சொல்லலாம்.

வெளியூர்க்காரர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். நமக்கு ஒருவர் 'இன் போக்கா அல் லூப்போ' என்கிறார். நல்ல பழக்கவழக்கம் உள்ளவர்கள் இல்லையா நாம், உடனே 'க்ராட்ஸியே', நன்றி, என்று சொல்லிவிடுகிறோம். எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு சின்னச் சங்கடம். சிலர் சிரித்துக்கொண்டே, 'ஐயோ, நன்றி சொல்லக்கூடாது!' என்று தடுப்பார்கள்.

ஏன் கூடாது? மெதுவாக யோசித்துப் பார்ப்போம். நன்றி என்பது, தரப்பட்ட பொருளை வாங்கிக்கொண்டதற்கு அடையாளம். இங்கே தரப்பட்டது என்ன? மனசுக்குள் வாழ்த்து இருந்தாலும், வாயால் தரப்பட்டது ஓநாயின் வாய். அதற்கு நன்றி சொன்னால், 'ஆகட்டும், விழுங்கட்டும்' என்று கையெழுத்துப் போட்டது போலாகிவிடுகிறது. திறந்த வாயைத் திறந்தபடியே விட்டுவிட்டுத் தேர்வறைக்குள் போகிறோம். 'க்ரேப்பி' என்றால்தான் அது மூடும். மொழி கற்கிறவர்கள் சொல்லுக்குப் பொருளை மனப்பாடம் செய்கிறார்கள். வாழ்த்து என்று பொருள் போட்டிருந்தால் வாழ்த்துக்குரிய பதிலைத் தேடுகிறார்கள். பொருள் சரிதான், ஆனால் இங்கே வேலை செய்வது பொருள் இல்லை, இரண்டு பேர் சேர்ந்து செய்கிற சடங்கு. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிற நவீன இத்தாலியர்கள்கூட, தங்கள் மகளின் தேர்வு நாளில் நன்றி சொல்லி ஆபத்தை விலைக்கு வாங்க மாட்டார்கள் என்பது என் ஊகம்.

இப்போது ஓநாயின் பக்கத்தையும் கேட்க வேண்டும். அண்மைக் காலத்தில் 'க்ரேப்பி' என்று சொல்ல மறுத்து 'வீவா இல் லூப்போ', ஓநாய் வாழ்க, என்று பதில் சொல்கிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். தாய் ஓநாய் ஆபத்து வந்தால் குட்டிகளை வாயில் கவ்விக்கொண்டு பாதுகாப்பான இடத்துக்குப் போகும், ஆகவே ஓநாயின் வாய்தான் உலகிலேயே பத்திரமான இடம் என்பது அவர்கள் சொல்கிற விளக்கம். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய பதில் 'சாகட்டும்' என்றல்லவா இருக்கிறது? குட்டியைக் காப்பாற்றுகிற தாயைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட விளக்கம் என்றே தோன்றுகிறது.

ஆனாலும் அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஓநாய்க்கு நடந்தது அப்படி. வேட்டையும் விஷமும் சேர்ந்து, 1970-களின் தொடக்கத்தில் இத்தாலி முழுவதிலும் ஏறக்குறைய நூறு ஓநாய்கள்தான் மிஞ்சியிருந்தன. 1971-இல் அரசு அதைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. அப்பென்னைன் மலைத்தொடரில் தங்கியிருந்த அந்தச் சிறு கூட்டம் மெல்லப் பெருகி ஆல்ப்ஸ் வரைக்கும் பரவியது. 2020-21-இல் நாடு தழுவி எடுத்த கணக்கில் 3,300 அளவுக்கு வந்துவிட்டது. ரோம் நகரத்தின் சின்னமே இரட்டைக் குழந்தைகளுக்குப் பால் கொடுக்கிற பெண் ஓநாய்தான். அப்படிப்பட்ட நாட்டில் 'வாழ்க' என்று சொல்லத் தோன்றுவதில் வியப்பில்லை. நமக்கு எது நல்லது என்றால், பெரியவர்களிடம் 'க்ரேப்பி'; விலங்குகள் மேல் பாசமுள்ள இளைஞர்களிடம் 'வீவா'. இரண்டில் எதைச் சொன்னாலும் அந்த வாய் மூடிவிடும்.

'வீவா' என்ற சொல்லைப் பலெர்மோ நகரத்தில் நம்மவர்கள் நன்றாக அறிவார்கள். இலங்கையிலிருந்து போய்க் குடியேறிய தமிழர்கள் அங்கே கணிசமாக இருக்கிறார்கள். நகரத்தின் காவல் தெய்வமான சாந்தா ரோசாலியாவின் கோயிலுக்குப் பெல்லெக்ரீனோ மலையேறிப் போவதில் கத்தோலிக்கரோடு இந்துக்களும் உண்டு. 1624-இல் கொள்ளைநோய் வந்தபோது ஊரைக் காத்தவள் என்று நம்பப்படுகிறவள் அவள். ஜூலை 14 இரவுத் திருவிழாவில் ஊரே 'வீவா' என்று அவள் பெயரைச் சொல்லிக் கத்தும்.

ஓநாயை விட்டு நகர்வதற்கு முன், அதன் சுற்றுவட்டாரத்தை ஒரு பார்வை பார்த்துவிடலாம். நல்ல வார்த்தையை நேராகச் சொல்லப் பயப்படுகிற இதே மனம் வேறு இடங்களிலும் எட்டிப் பார்க்கும். பிறந்தநாளுக்கு 'அவ்கூரி' என்று வாழ்த்துவார்கள், ஆனால் ஒரு நாள் முன்னதாகச் சொன்னால் அபசகுனம். கெட்டது ஏதாவது பேச்சில் வந்துவிட்டால் கையருகே உள்ள இரும்பைத் தொடுவார்கள். 17 ஆகாத எண். ரெனோ நிறுவனம் தன் 17 என்ற காரை இத்தாலியில் 177 என்று பெயர் மாற்றி விற்றது. நாடக மேடையில் ஊதா நிறம் ஆகாது. ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தில் நாடகம் தடை செய்யப்பட்டு, நடிகர்கள் வருமானமின்றி இருந்த நாட்களில் தேவாலயத்தில் தென்படும் நிறம் ஊதா என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். பொலோனியா மாணவர்கள் பட்டம் வாங்குகிறவரை அசினெல்லி கோபுரத்தின் 498 படிகளை ஏறமாட்டார்கள். ஏறினால் பட்டம் கிடைக்காதாம்.

இதுவரை பார்த்தது காரியம் தொடங்குவதற்கு முந்தைய சொல். காரியத்தின் நடுவில் இருப்பவருக்கு அது உதவாது. ஓடிக்கொண்டிருக்கிறவரிடம் போய் யாரும் ஓநாயைப் பற்றிப் பேசுவதில்லை. அங்கே தேவை 'ஃபோர்ட்ஸா'. பலம், வலு என்று பொருள். விளையாட்டு மைதானத்தில் பிறந்து வளர்ந்த கூவல் போலவே அது ஒலிக்கும். சைக்கிள் பந்தயத்தில் மலையேறுகிறவருக்கு, பிரசவ வலியில் இருப்பவருக்கு, பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்குகிறவருக்கு, எல்லோருக்கும் அதுதான். இந்தச் சொல்லுக்கு ஒரு சோதனையும் வந்தது. தேசிய அணிக்கு ரசிகர்கள் கூவுகிற 'ஃபோர்ட்ஸா இத்தாலியா'வை, ஏசி மிலான் கால்பந்து அணியின் முதலாளியான பெர்லுஸ்கோனி 1994-இல் தன் கட்சிக்குப் பெயராக வைத்து அதே ஆண்டில் பிரதமரும் ஆனார். அவரைப் பிடிக்காத ரசிகரின் நிலைமையை எண்ணிப் பாருங்கள்! சொந்த நாட்டு அணிக்குக் கூவினால் எதிர்க்கட்சிக்குப் பிரச்சாரம். 'ஃபோர்ட்ஸா அட்ஸூர்ரி' என்று பலர் மாற்றிக்கொண்டார்கள். அட்ஸூர்ரி என்றால் நீலக்காரர்கள். அணியின் நீலச் சட்டை பழைய சவோய் அரச குடும்பத்தின் நிறம். பெர்லுஸ்கோனி தன் கட்சிக்காரர்களையும் அட்ஸூர்ரி என்றே அழைக்கத் தொடங்கினார் என்பது வேறு விஷயம்.

அடுத்தது 'டாய்'. நம் 'டேய்'க்கு உறவு இல்லை, ஆனால் தோளில் கைபோடுகிற நெருக்கம் ஒன்றே. 'அட, வா', 'செய்யேன்', 'விடுப்பா' எல்லாம் இந்த ஓர் அசைக்குள் அடங்கும். இழுத்துச் சொன்னால் கெஞ்சல், வெட்டிச் சொன்னால் அவசரம், முன்னால் 'மா' சேர்த்து 'மா டாய்!' என்றால் 'அட, நிஜமாவா?'. ரோமாபுரிக்காரர்கள் இதையே 'தாயே' என்பார்கள், 'த' மட்டும் 'அந்த'வில் வருகிற த. வங்கி மேலாளரிடமோ நண்பனின் பாட்டியிடமோ 'டாய்' வேண்டாம். வயதும் பழக்கமும் பார்த்துப் பேசுகிற நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

'கொராஜ்ஜோ' வேறு ரகம். தைரியம் என்று பொருள் என்பதால், மேடைக்குப் போகிறவருக்கும் இதைச் சொல்லலாம் என்று தோன்றும். சொல்லலாம்தான், தப்பில்லை. ஆனால் இதன் உண்மையான வீடு மருத்துவமனை வராந்தாவும் துக்க வீடும். 'கொராஜ்ஜோ, சின்யோரா' என்று ஒரு மூதாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிற குரலில் வேகம் இருக்காது. ஜெயித்துவிடு என்று இந்தச் சொல் யாரையும் தள்ளுவதில்லை, தாங்கிக்கொள் என்கிறது. கால்பந்து மைதானத்தில் ஒரு வீரனைப் பார்த்து 'கொராஜ்ஜோ' என்று கத்தினால், ஆட்டம் கைவிட்டுப் போய்விட்டது என்று அவன் நினைத்துக்கொண்டாலும் நினைத்துக்கொள்வான்.

நம் காதுக்கு வேடிக்கையான ஒன்று, 'ச்சே லா ஃபாய்'. நமக்குச் சலிப்பாகக் கேட்கிற இதன் பொருள், 'உன்னால் முடியும்'. 'ஃபாரே' என்றால் செய்வது. அதன் முன்னால் 'ச்சே', 'லா' என்று இரண்டு துண்டுகளை ஒட்டினால், சமாளித்துக் கரையேறுவது என்று அர்த்தம் மாறிவிடுகிறது. அந்தத் துண்டுகளைத் தனியே பிரித்துப் பொருள் தேட வேண்டாம், இத்தாலியர்களே தேடுவதில்லை. இது அகராதியில் இல்லாமல் குரலில் இருக்கிற சொல். இறக்கிச் சொன்னால் உறுதி. ஏற்றிச் சொன்னால் 'முடியுமா, நான் கை கொடுக்கட்டுமா?' என்கிற கேள்வி. 'நோன் ச்சே லா ஃபாச்சோ ப்யூ' என்று யாராவது சொன்னால், 'இனிமேல் என்னால் ஆகாது' என்று பொருள். அதற்கு 'ஃபோர்ட்ஸா' சொல்லி விரட்டாதீர்கள். நாற்காலி கொடுங்கள்.

விடாதே என்று சொல்ல 'நோன் மொல்லாரே'. பிடித்த பிடியை நழுவவிடாதே என்பது இதன் உள்ளர்த்தம். இன்று உடற்பயிற்சிக் கூடத்தில்கூடக் கேட்கலாம், ஆனால் இந்தச் சொல் ஒரு காலத்தில் சிறைக்கு அனுப்பியது. 1925 ஜனவரியில் முசோலினி சர்வாதிகாரத்தை வெளிப்படையாக அறிவித்த அதே மாதம், ஃப்ளோரன்ஸ் நகரத்தில் 'நோன் மொல்லாரே' என்ற பெயரில் ஒரு ரகசியப் பத்திரிகை வெளிவரத் தொடங்கியது. வரலாற்றுப் பேராசிரியர் சால்வெமினி, எர்னெஸ்தோ ரொஸ்ஸி, கார்லோ, நெல்லோ என்ற ரொஸ்ஸெல்லி சகோதரர்கள் அதற்குப் பின்னால் இருந்தார்கள். சால்வெமினி கைதானார், பிறகு நாட்டைவிட்டே போனார். அக்டோபரோடு பத்திரிகை நின்றது. சகோதரர்கள் இருவரும் 1937 ஜூனில் பிரான்சில் கொல்லப்பட்டார்கள். தலைப்புக்கு அந்த இரண்டு சொற்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் வாசகர்களோடு சேர்த்துத் தங்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று படிக்கும்போது தோன்றுகிறது.

நேரடியான நம்பிக்கைச் சொல் இவர்களிடம் இல்லவே இல்லையா? உண்டு. 'அந்த்ரா துத்தோ பேனே', எல்லாம் நல்லபடியாக முடியும். 2020 மார்ச்சில் இத்தாலி முழுவதும் வீட்டுக்குள் அடைபட்டபோது, குழந்தைகள் வானவில் வரைந்து அதன் கீழே இந்த மூன்று சொற்களை எழுதினார்கள். பால்கனிகளில் துணியிலும் அட்டையிலும் அவை தொங்கின. மார்ச் 18 அன்று பெர்காமோவில் சவப்பெட்டிகளை ஏற்றிய இராணுவ லாரிகள் வரிசையாக நகரத்தைக் கடந்தன. அதன் பிறகு அந்தச் சொற்கள் பலருக்குக் கசந்தன. மழையில் சாயம்போன வானவில்களைக் கழற்றி எடுத்தார்கள். பொட்டு வைக்காத வாழ்த்து என்ன பாடுபடும் என்று பழைய ஓநாய்க்காரர்கள் சொன்னால் நாம் மறுத்துப் பேச முடியாது. இருந்தாலும் தனி ஒருவரிடம், அவர் கண்ணைப் பார்த்து, 'வெத்ராய்', நீயே பாரேன், என்று முன்னால் சேர்த்துச் சொல்லும்போது அது இன்றும் உயிருள்ள சொல்தான்.

நேப்பிள்ஸ்காரர்கள் இன்னும் சிக்கனமானவர்கள். எதுவார்தோ தெ ஃபிலிப்போவின் 'நாப்போலி மிலியொனாரியா' நாடகம் 1945 மார்ச் 25 அன்று அந்நகரத்தின் சான் கார்லோ அரங்கில் மேடையேறியது. வடக்கே அப்போதும் போர் நடந்துகொண்டிருந்தது. கள்ளச்சந்தையில் பணம் பண்ணிய குடும்பத்தின் குழந்தை நோயில் கிடக்கிறது, அதற்கான மருந்தோ எங்கும் கிடைக்கவில்லை. அந்தக் குழந்தையின் தாயிடம் சொத்தை இழந்த மனிதரே கடைசியில் மருந்தைக் கொண்டுவந்து தருகிறார். இனி இரவு முழுக்கக் காத்திருக்க வேண்டியதுதான் என்று மருத்துவர் சொல்லிவிடுகிறார். பிழைக்கும், நல்லதே நடக்கும் என்றெல்லாம் கணவன் மனைவிக்கு உறுதி சொல்வதில்லை. இந்த இரவைக் கழித்தாக வேண்டும் என்கிற அளவில் நிறுத்திக்கொள்கிறான். அவன் பேசுகிற அந்தக் கடைசிச் சொற்கள் நேப்பிள்ஸில் பழமொழியாகவே ஆகிவிட்டன.

காரியம் முடிந்த பிறகு சொல்ல வேண்டியதை மறந்துவிடப் போகிறோம். அது உலகமே அறிந்த 'ப்ராவோ'. அதையும் நாம் பாதிதான் அறிந்திருக்கிறோம். ப்ராவோ ஓர் ஆணுக்கு. பாடியது பெண் என்றால் 'ப்ராவா'. ஆண்கள் பலரோ, ஆணும் பெண்ணும் கலந்தோ நின்றால் 'ப்ராவி'. எல்லோரும் பெண்கள் என்றால் 'ப்ராவே'. மிலான் நகரத்து லா ஸ்காலா அரங்கின் மேல்மாடத்தில் மலிவு இருக்கைகளில் உட்காருகிற ரசிகர்கள் இதில் கறாரானவர்கள். பிடிக்கவில்லை என்றால் அதையும் மறைக்க மாட்டார்கள். 2006 டிசம்பரில் 'ஆயிதா' இசைநாடகத்தின் நடுவே அவர்கள் ஊளையிட்டதில், ரொபேர்த்தோ அலான்யா என்ற புகழ்பெற்ற பாடகர் மேடையைவிட்டு இறங்கிப் போய்விட்டார். மாற்றுப் பாடகர் வேஷம் கட்டக்கூட நேரமில்லாமல் சாதாரண உடையிலேயே மேடையேறி மீதியைப் பாடினார். அங்கே டிக்கெட் கிடைத்துப் போனீர்களென்றால், வாயைத் திறப்பதற்கு முன் மேடையில் நிற்பது யார், எத்தனை பேர் என்று ஒரு தடவை எண்ணிக்கொள்ளுங்கள்.